பழசு எங்களுக்குப் புதுசல்ல

சேரிக்குள் சாமான்கள் வருவதற்கென்று ஒரு பாதை உண்டு. ஊரில் ஒருத்தர் உடுத்திக் கிழித்த வேட்டி, ஊர் வீட்டில் மீந்துபோன குழம்பு, ஊர்ப் பிள்ளை எழுதி முடித்த நோட்டில் மிச்சமிருக்கும் தாள், காது உடைந்த அண்டா எல்லாம் அந்தப் பாதை வழியாகத்தான் எங்கள் முன்னோர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. புதுசு ஊருக்கு, பழசு சேரிக்கு. இது ஏதோ வறுமையினால் தானாக நடந்த காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். மனு நூலின் பத்தாவது அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் உடையையும் உடைந்த பாத்திரத்தையும் ஒதுக்குகிறது. சூத்திரருக்கு மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் பழைய தட்டுமுட்டுச் சாமானையும் ஒதுக்குகிறது. இரண்டாங்கைப் பொருள் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு சாதி வரலாறு இருக்கிறது.

ஆகவே ஒரு தலித் வீட்டில் 'செகண்ட் ஹேண்டு கம்ப்யூட்டர் வாங்கலாமா' என்று பேச்சு எழுந்தால் அது வெறும் பணக்கணக்கு அல்ல. அந்தப் பேச்சு சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் மூன்று மாதம் நடந்தது. கணினி வாங்குவதெல்லாம் ஒரு விஷயமா, அதை இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். நம் கையில் இருக்கும் எழுதுகருவி என்ன, அது யாருடையது, கெட்டுப்போனால் நாம் என்ன செய்வோம் என்பதைப் பேசாமல் நம் எழுத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினி பழசாக வரவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்த எனக்கு அது 2012இல் கிடைத்தது. அட்டைப்பெட்டி பிரிக்காமல், பிளாஸ்டிக் உறை கிழியாமல் வந்தது. மூடியில் முதலமைச்சர் படம் இருந்தது. இரண்டு ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். எனக்கு அப்போது அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நைனாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இதை நமக்கு முன்னால் யாரும் தொட்டதில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறையை ஒரு வருஷம் அவர் கழற்றவே விடவில்லை.

இதைத்தான் படித்தவர்கள் 'இலவசம்' என்று ஏளனம் செய்தார்கள். உழைக்காமல் வாங்கித் தின்கிற கூட்டம் என்றார்கள். வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட தேர்தல் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஏளனம் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலமும் கல்வியும் இனாமாகப் பெற்றவர்களுக்கு எங்கள் கைக்கு வந்த ஒரு பெட்டி மட்டும் உறுத்தியது. பழந்துணி கொடுத்தபோது அதற்குப் பெயர் தருமம். புதுப் பெட்டி கொடுத்தால் அதற்குப் பெயர் நாட்டின் சீரழிவு! தருமமாக வந்ததை வாங்க நைனாவின் அப்பா இடுப்பில் துண்டு கட்டி நின்றார். அரசாங்கத்திடமிருந்து வந்ததை நான் பள்ளிக்கூட மேடையில் நிமிர்ந்து நின்று வாங்கினேன். இரண்டும் ஒன்றல்ல.

அந்தப் பெட்டியில்தான் நான் எம்.ஏ. படித்தேன். 2020இல் பள்ளிகளை மூடியபோது எங்கள் தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள். அதற்கெல்லாம் மேலாக, மனு எழுதினேன்.

மனு எழுதுவதற்கு வீட்டில் ஏன் கணினி, கடைத்தெருவில் டைப் அடிக்கும் இடங்கள்தான் இருக்கின்றனவே என்று நகரத்துத் தோழர்கள் கேட்பார்கள். ஆரணி சிறிய டவுன். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். இங்கே ஒருவர் இன்னொருவருக்கு எப்படியாவது உறவு, இல்லாவிட்டால் கணக்கு வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஒரு புகார் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவன் பெயர், அவன் சாதி, சொன்ன சொல், நடந்த இடம், பார்த்த சாட்சி எல்லாம் அதில் இருக்கும். டைப் அடிக்கிற இடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். அடிக்கிறவர் எழுத்துப் புரியாமல் சத்தமாக வாசித்துக் கேட்பார். சாட்சியின் பெயரையும் வாசிப்பார். நாம் காகிதத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் சேதி ஊருக்குப் போய்விடும். ராத்திரியே சாட்சி வீட்டுக்கு ஆள் வரும். "இன்னா ஏழுமலை, எங்க மேல கேசு குடுக்கறியாமே" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். விடிந்தால் சாட்சி, "நான் ஒண்ணும் பாக்கல தாயி" என்பார்.

இப்படி ஒரு புகார் என் கண் முன்னால் செத்தது. ஒரு பெண்ணை ஏரி வேலையில் வைத்துச் சாதி சொல்லித் திட்டி அடித்த வழக்கு அது. டைப் செய்த இடத்திலிருந்தே விஷயம் கசிந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் பகுதி மனுக்களை வீட்டில்தான் அடிப்பது என்று முடிவெடுத்தோம். 1989ஆம் ஆண்டுச் சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை தந்திருக்கின்றன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமெல்லாம் புகார் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அதற்கு முன்னால் சாட்சியைக் காப்பாற்றுவது வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டியும், அதைத் தட்டுகிற ஒருத்தியின் வாயடக்கமும்தான்.

அந்தப் பெட்டிக்குத்தான் வயசாகிவிட்டது. திறந்தால் பாயைச் சுருட்டி வைத்து, அடுப்பு பற்றவைத்து, டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் திரை வரும். பேட்டரி 2018லேயே போய்விட்டது. கரண்டு போனால் எழுதியது போச்சு. 'ன' விழுந்த இடத்தில் 'ண' விழாது. தமிழ் எழுதுகிறவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? சென்ற ஆண்டு ஹார்டு டிஸ்க் உள்ளேயிருந்து 'டிக் டிக்' என்று பல்லி கத்துவதுபோலச் சத்தம் வரத் தொடங்கியது.

போதாததற்கு இன்னொரு சேதியும் வந்தது. விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வேண்டுமானால் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் என்றார்கள். பதினொன்றுக்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். அதாவது ஏறத்தாழ 2017க்கு முன்னால் பிறந்த எந்தப் பெட்டியும் உள்ளே வரக்கூடாது. எங்கள் பெட்டியில் அதன் சோதனை நிரலை ஓட்டினேன். இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. தகுதி! இந்தச் சொல்லை எத்தனை வாசற்படியில் கேட்டிருக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தை, அதன் பிறப்பைப் பார்த்து வெளியே நிறுத்துகிற வித்தை நமக்குப் புதிதா என்ன?

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெட்டிகள் இப்படி ஒரே நாளில் 'பழசு' ஆயின. அவை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனதாக அறிவிக்கப்பட்டன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

*

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி, புதுசு. கடையில் விசாரித்ததில் வேலைக்கு ஆகிற மடிக்கணினி 32,000 ரூபாய் என்றார்கள். அதில் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். அம்பானி வாங்கினாலும் அதே பதினெட்டு, அம்மா வாங்கினாலும் அதே பதினெட்டு. டியூஷனும் மெய்ப்புத் திருத்தமும் சேர்த்து என் மாத வருமானம் ஒன்பதாயிரத்தைத் தாண்டாது. "தவணையில எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். தவணை கொடுக்கும் ஆள் ஆதாரை வாங்கிப் பார்த்தார். முகவரியில் 'காலனி' என்று இருந்தது. அதுவரை கடகடவென்று பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்தார். சம்பளச் சீட்டு கேட்டார். சொந்த வீட்டுப் பத்திரம் கேட்டார். ஜாமீன் போட 'டவுனுக்குள்ள யாராச்சும்' கேட்டார். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் கடன் கொடுக்கிறவன் மூளைக்குள் இருக்கும் ஆவணத்தை எந்த அரசாணை திருத்தும்?

அம்மா, "குழுவுல எடுத்துக் கட்டிடலாம்" என்றாள். வாரா வாரம் குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்கள் எங்கள் தெருவில் பெண்களை வாசலில் உட்காரவைத்துப் பேசுகிற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் அம்மாவை உட்காரவைக்க எனக்கு மனசில்லை. அம்பேத்கருக்குப் புத்தகம் வாங்க அவர் அப்பா ராம்ஜி, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய்க் கடன் கேட்பார், அவர்கள் நகையை அடகுவைத்துப் பணம் புரட்டுவார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். படிக்கும்போது கண் கலங்குகிறது. ஆனால் நூறு வருஷம் கழித்தும் நம் எழுத்துக்கான விலையை நம் வீட்டுப் பெண்களின் காதிலிருந்தே கழற்ற வேண்டுமா?

இரண்டாவது வழி, சென்னை ரிச்சி தெரு. கம்பெனிகள் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டுகிற மடிக்கணினிகள் அங்கே வந்து குவிகின்றன. துடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, 13,500க்குக் கொடுப்பார்கள் என்று சென்னைத் தோழர் சொன்னார். எட்டாம் தலைமுறைச் செயலி, எட்டு ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 ஓடும். எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. நைனாதான் வழிமறித்தார்.

"பழசு வாணாம்."

"நைனா, அது நல்லா ஓடும் நைனா. கம்பெனியில வெச்சிருந்தது."

"எவனோ வெச்சிக்கினு இருந்துட்டு வாணாம்னு தூக்கிப் போட்டதுதானே? அத எடுத்தாந்து இன்னாத்துக்கு ஊட்ல வெக்கணும்?"

நைனா அதிகம் பேசுகிறவர் இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அன்றைக்குப் பேசினார். பத்து வயசில் பண்ணை வீட்டுப் பையன் போட்ட கால்சட்டையை அவருக்குக் கொடுத்தார்களாம். போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது அந்தப் பையன் எல்லோர் முன்னாலும், "டேய், அது என்னுது" என்று பின்னாலிருந்து இழுத்தானாம். "அன்னிக்கி அவுத்தவன் தான். அதுக்கப்புறம் ஒரு பழசு எங்கையால வாங்கனதில்ல. கிழிஞ்சத தெச்சி போட்டுக்கினேன். என்னுத தெச்சி போட்டுக்கினேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு மூன்றாவது வழி கிடைத்தது. அடுத்தவன் கழித்துக்கட்டியதை வாங்குவது வேறு. நம்முடையதைத் தைத்துப் போடுவது வேறு. ரிச்சி தெருவில் வாங்குகிற தோழர்களை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை; அதனால் எத்தனையோ பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் நைனாவின் 'வாணாம்' வெறும் வறட்டுப் பிடிவாதமும் இல்லை. மிச்சத்தை மறுப்பது என்பது இந்த நாட்டில் நம் ஜனங்கள் நடத்திய முதல் போராட்டங்களில் ஒன்று. செத்த மாட்டைத் தின்னமாட்டோம், எச்சில் சோறு வாங்கமாட்டோம் என்று 1927இல் மகாடில் அம்பேத்கர் கூட்டிய மாநாட்டில் எடுத்த உறுதியும் அதுதானே.

*

பெட்டியைத் திறந்தவன் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தத் துளை என்று காகிதத்தில் படம் போட்டு அதன்மேலேயே வைத்தான். உள்ளே காற்றாடியில் பஞ்சு அடைத்திருந்தது. பட்டுத் தூசு. அம்மா கூலிக்குத் தார் சுற்றுகிறவள். ராட்டைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் பன்னிரண்டு வருஷத்துப் பட்டு போய் உட்கார்ந்திருந்தது. "அக்கா, இதுக்குள்ள ஒரு முந்தானைக்கு ஆவும் போலகீது" என்று சிரித்தான்.

ஆரணிக்கும் கணினிக்கும் உறவு இந்தத் தூசோடு முடிவதில்லை. இங்கே பட்டுத் தறிகளின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் அந்த இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் கிடக்கும். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. அட்டைகளின் வரிசைதான் மயிலும் மாங்காயும் ஆகிறது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்துகாட்டிய இந்த அட்டையைப் பார்த்துத்தான் பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையால் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டையில்தான் எண்ணினார்கள். துளை உண்டு, துளை இல்லை, ஒன்று, பூச்சியம். கணினி படித்தவர்களுடைய மூளையின் விளைச்சல் என்று ஆரணியில் யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. தறிக்காரனின் கையிலும் காலிலும் ஓடிய கணக்குதான் அது. இழை அறுந்தால் எந்த நெசவாளியும் தறியைத் தூக்கி எறிவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார்.

நாங்களும் முடிச்சுதான் போட்டோம். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், தோழர்கள் யாருக்காவது உதவும். சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்எஸ்டி, 1,750 ரூபாய். இன்னொரு கணினியிலிருந்து கழற்றிய நான்கு ஜிபி நினைவகம், 650. தனியாகச் சொருகும் விசைப்பலகை, 400. கழற்றிய ஹார்டு டிஸ்க்கை வெளியே வைத்துப் படிக்க ஒரு உறை, 250. ஆக 3,050. கூலி வேண்டாம் என்றான் பையன். "வேல செஞ்சவன் கூலி வாணாம்னு சொல்லக் கூடாது. நாங்க வாணாம்னு சொல்லிச் சொல்லித்தான் இப்படிக் கீறோம்" என்று அம்மா 200 ரூபாயை அவன் சட்டைப் பையில் திணித்தாள். 3,250 ரூபாயில் முடிந்தது. நினைவகத்தைப் பார்த்து, "அது பழசுதானே?" என்று நைனா கேட்டார். "பட்டன் மாரி நைனா, சட்டை நம்மளுது" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

இவற்றில் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டால், எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். பழைய டிஸ்க்கில் ஒரு முள் தட்டின்மேல் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் ஓடுகிற பாகமே கிடையாது. பல நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. நினைவகம் அடுத்தது. செயலி அதேதான். மனு எழுதவும் நூல் மெய்ப்புப் பார்க்கவும் அது தாராளம்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டோம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசாங்கம் கொடுத்தபோதே இந்தப் பெட்டியில் 'பாஸ்' என்ற லினக்ஸ் இருந்தது. சென்னையில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது. பள்ளியில் ஒருவரும் அதைத் திறந்துகூடக் காட்டவில்லை. கடையில் கொடுத்தால் முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியபோது சொன்னது விலையைப் பற்றியல்ல, விடுதலையைப் பற்றி. நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாரும் பார்க்கக்கூடாது, கேட்டால் காதில் ஈயம் ஊற்றுவோம் என்று வேதத்துக்குப் பூட்டுப் போட்டவர்கள் வாழ்ந்த நாட்டில் இந்தத் தத்துவத்தை முதலில் கையில் எடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய அச்சுப்பொறிக்கு இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். ஆனால் தமிழ் 99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் காசில்லாமல் கிடைக்கிறது.

*

பெட்டியைவிடப் பெரிய கவலை டிக் டிக் என்று சத்தம் போட்ட டிஸ்க்குக்குள் இருந்தது. ஒரு கிராமத்தில் எங்கள் ஜனங்களுக்குச் சுடுகாட்டுக்குப் போகப் பாதையில்லை. பிணத்தை வயலில் இறங்கி, சேற்றில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடவு நட்டிருந்தால் நிலத்துக்காரர்கள் மறிப்பார்கள். 2003 முதல் மனுக் கொடுத்து வருகிறோம். அப்போது எழுதிய மூத்த தோழர் இன்று இல்லை. சாவதற்கு முன்னால் இரண்டு சிடியை என்னிடம் கொடுத்திருந்தார். அதிலிருந்து எடுத்ததும், பிறகு நான் எழுதியதும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. சிடிகள் பூஞ்சை பிடித்துப் போயின. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை வந்தபோது எதிர்த்தரப்பு, "இத்தனை வருஷமாகக் கேட்காதவர்கள் இப்போது யாரோ தூண்டிவிட்டுக் கேட்கிறார்கள்" என்றது. இல்லை, இருபது வருஷமாகக் கேட்கிறோம் என்பதற்கு அலுவலகத்தில் காகிதம் இல்லை. எங்கள் டிஸ்க்கில்தான் இருந்தது.

உறையில் போட்டுச் சொருகினோம். இரண்டு தடவை தெரியவில்லை. மூன்றாவது தடவை தெரிந்தது. வேறு எதையும் தொடாமல் மனுக்கள் இருந்த கோப்புறையை முதலில் நகலெடுத்தோம். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் குடியிருந்தவை. பாமினியில் ஆங்கில 'எம்' இடத்தில் 'அ' இருக்கும், 'எஃப்' இடத்தில் 'க', 'ஜே' இடத்தில் 'த'. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் எழுத்து குப்பையாகிவிடும். வானவில், டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியீடு. தமிழக அரசு 2010இல்தான் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷம், தலித் இலக்கியம் பொங்கியெழுந்த அந்த வருஷங்கள், எத்தனை தோழர்களின் பெட்டிகளில் இப்படிக் குப்பை எழுத்தாகக் கிடக்கின்றனவோ! மாற்றி நிரல்கள் இணையத்தில் இனாமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் குறியீடு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மாற்றிய பிறகும் வரிக்கு வரி வாசித்து, இடம் மாறிய கொம்பையும் காலையும் சரிசெய்ய வேண்டும். நான் தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இதுவரை கிடைத்த நல்ல வேலை அதுதான். பதினாறு ராத்திரி ஆனது.

பதினான்கு மனுக்கள் கிடைத்தன. 2003இலிருந்து தேதிவாரியாக. அவற்றில் ஒன்றில், மழையில் பாடை சரிந்து தன் மாமியாரின் உடம்பு சேற்றில் விழுந்ததை ஒரு பெண் சொல்லச் சொல்ல அந்தத் தோழர் எழுதியிருந்தார். சொன்னவரும் இன்று இல்லை. சொல் இருக்கிறது. சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமை என்பதையும் சேர்த்து, பதினான்கையும் கோத்துக் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது. பாதை இன்னும் வரவில்லை. ஆனால் 'இதுவரை கேட்காதவர்கள்' என்ற பேச்சு நின்றுவிட்டது.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது; கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அவர்கள் ஒவ்வொருவரும் எழுத்துக்கு முன்னால் எழுத்துக் கருவிக்காக அலைந்தவர்கள். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் பெருந்தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல். இடையில் எண்பத்தைந்து வருஷம் அவற்றைக் காப்பாற்றியவர்கள், பழைய இதழ்களை வீட்டுப் பெட்டிக்குள் செல்லரிக்காமல் பாதுகாத்து வைத்த நம் ஜனங்கள். பழசைப் பாதுகாக்கத் தெரிந்ததால்தான் நமக்கு வரலாறு மிஞ்சியது. எந்தப் பழசை மறுப்பது, எந்தப் பழசைக் காப்பது என்று முடிவு செய்கிற உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். அதை மனுவிடமும் விடக்கூடாது, கம்பெனியிடமும் விடக்கூடாது.

தூக்கி எறிவதிலும் சாதி இருக்கிறது. எறிந்த பெட்டி ஆவியாகிப் போவதில்லை. காயலான் கடைக்குப் போகிறது. தில்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போகிறது. அங்கே வெறுங்கையால் உடைத்து, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து, அமிலத்தில் முக்கித் தங்கம் எடுப்பவர்கள் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும்தான். அந்தப் புகையில் ஈயம் இருக்கிறது. மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. உடைக்கிறவர்கள் கையில் உறை வந்ததா? செத்த மாட்டை அப்புறப்படுத்த ஒரு சாதியை வைத்த நாடு, செத்த கணினிக்கும் ஆள் வைத்திருக்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்குகிற தம்பி தங்கைகளுக்கு என் வாழ்த்து. கொடுத்தால் மட்டும் போதாது. பழுது பார்க்க வட்டத்துக்கு ஒரு பணிமனை வேண்டும். அதில் பாலிடெக்னிக் படித்த நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். 2011 முதல் கொடுத்த லட்சக்கணக்கான பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. மூவாயிரம் ரூபாய் செலவில் அவற்றில் பாதியை எழுப்பலாம். ஒவ்வொரு அம்பேத்கர் மன்றத்திலும் ஒன்று வைத்தால், ஒரு சாட்சியின் பெயர் கடைத்தெருவில் சத்தமாக வாசிக்கப்படாது.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தோழர்களே, உங்கள் பகுதியின் மனுக்களும் தீர்ப்பு நகல்களும் வாக்குமூலங்களும் எந்தப் பெட்டியில், எந்த எழுத்துருவில், யார் வீட்டில் கிடக்கின்றன என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஒன்றுக்கு மூன்று நகல் எடுங்கள். மூன்றையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.